அடுக்களை முதல் காதணி வரை: நிக்கல் உலோகத்தின் பாவனையும் பிறப்பிடமும்

இரும்பு, செம்பு, ஈயம், பித்தளை, அலுமினியம் என்று உலோகங்களையும் கலப்புலோகங்களையும் பெயர் சொல்லி அழைத்துப் பழகியவர்கள் நாம். ஆயினும் நாளாந்தம் நாம் தொட்டுப் புழங்கும் உலோகமொன்றின் பெயர் எமது வாயில் வருவதேயில்லை. காலையில் திறக்கும் தண்ணீர்க் குழாயின் பளபளப்பிலும், தேநீருக்குச் சீனி கலக்கும் கரண்டியிலும், சட்டைப் பையில் கிடக்கும் சில்லறைக் காசிலும், பிள்ளையின் காதில் ஆடும் தோட்டிலும் அது இருக்கின்றது. அதுதான் நிக்கல். கடையில் நிக்கல் பாத்திரம் தாருங்கள் என்று எவரும் கேட்பதில்லை. அதனை வாங்காத வீடும் இல்லை. வேறு உலோகங்களோடு கலந்தோ, அவற்றின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்தோ அது எமது வீடுகளுக்குள் நுழைந்து விடுகின்றது.

பெயர் தெரியாமல் ஒரு பொருளைப் பாவிப்பதனால் என்ன குறை வந்துவிடப் போகின்றது என்று கேட்கலாம். காதில் புண் வந்து மாதக் கணக்கில் ஆறாதிருக்கும் பிள்ளையின் தாயிடம் அக்கேள்விக்கு விடை இருக்கின்றது. அதனைப் பின்னர் பார்ப்போம்.

நிக்கல் என்ற பெயரே ஒரு வசைச்சொல்லிலிருந்து பிறந்ததாகும். ஜேர்மனியின் சக்சனிப் பகுதிச் சுரங்கங்களில் செந்நிறமான ஒரு தாதுக்கல் கிடைத்து வந்தது. பார்வைக்குச் செம்புத் தாது போலிருந்த அதனை எவ்வளவுதான் உருக்கினாலும் செம்பு வரவில்லை. நச்சுப் புகைதான் வந்தது. அத்தாதுவில் ஆசனிக் கலந்திருந்ததே அதற்குக் காரணம். சுரங்கத்துக் குட்டிப் பேய்தான் செம்பை ஒளித்து வைத்துக்கொண்டு தம்மை ஏமாற்றுகின்றது என எண்ணிய தொழிலாளர்கள், அந்தக் கல்லைக் 'குப்பர்நிக்கல்', அதாவது பேய்ச் செம்பு என்று அழைத்தனர். 1751 ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த கனிப்பொருள் அறிஞர் அக்சல் குரோன்ஸ்டெட் இதனையொத்த தாது ஒன்றை ஆராய்ந்து, அதிலிருப்பது அதுவரை அறியப்படாத தனியொரு உலோகம் எனக் கண்டறிந்தார். செம்பு நீங்கப் பேய் மட்டும் பெயராக நிலைத்தது.

அறிஞர்கள் அடையாளம் காண்பதற்கு நெடுங்காலம் முன்னரே மனிதர் அதனைப் பயன்படுத்தி வந்துள்ளனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. இன்றைய ஆப்கானிஸ்தானை உள்ளடக்கிய பக்திரியாவை ஆண்ட கிரேக்க மன்னர்கள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே செம்பும் நிக்கலும் கலந்த நாணயங்களை வெளியிட்டனர். சீனர்கள் நிக்கல் கலந்த 'வெண்செம்பு' பாத்திரங்களைச் செய்தனர். எகிப்திய மன்னன் துட்டங்காமுனின் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட இரும்புக் குத்துவாளில் ஏறத்தாழ 11 வீதம் நிக்கல் இருப்பதாக 2016 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறியது. அவ்வளவு நிக்கல் உள்ள இரும்பு விண்கல்லிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிபாகும். ஜேர்மன் சில்வர் என்று எம்மவர் சொல்லும் உலோகத்தில் வெள்ளி ஓர் அணுவும் கிடையாது. செம்பு, நாகம், நிக்கல் ஆகிய மூன்றின் கலப்பே அது.

நிக்கல் வெள்ளி போன்ற வெண்மையும் இலேசான மஞ்சள் சாயலும் கொண்டது. 1455 பாகை செல்சியசில்தான் உருகும். காற்றும் நீரும் அதனை எளிதில் அரிப்பதில்லை. இரும்பு, கோபாற்று ஆகியவற்றைப் போலச் சாதாரண வெப்பநிலையில் காந்தத்தால் ஈர்க்கப்படும் மிகச் சில தனிமங்களுள் இதுவும் ஒன்று. கூடச் சேரும் உலோகத்துக்கு உறுதியையும் அரிப்பைத் தாங்கும் தன்மையையும் கொடுப்பதே இதன் பெருஞ்சிறப்பு. உலகில் உற்பத்தியாகும் நிக்கலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒரேயொரு பொருளுக்குள் போய்ச் சேருகின்றது. அதுவே துருப்பிடிக்காத உருக்கு. எவர்சில்வர் என்றும் வெறுமனே சில்வர் என்றும் எமது வீடுகளில் வழங்குவது அதுதான்.

முதலாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன்னர் ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் இவ்வுருக்கு ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவானது. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் 1913 இல் ஹரி பிறியர்லி உருவாக்கிய உருக்கில் குரோமியம் மட்டுமே சேர்ந்திருந்தது. ஜேர்மனியின் குறுப் நிறுவனத்தார் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்தனர். நல்ல பாத்திரங்களின் அடியில் 18/8 என்று பொறித்திருப்பதைப் பலர் கண்டிருப்பர். அது விலையோ அளவோ அன்று. நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு என்பதே அதன் பொருள். துரு ஏறாமல் காப்பது குரோமியம். வளைத்தாலும் வெடிக்காமல் குடமாகவும் கிண்ணமாகவும் இழுபடும் தன்மையைக் கொடுப்பது நிக்கல்.

பாத்திரக் கடைகளில் காந்தம் வைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. காந்தம் ஒட்டினால் மட்டமானது, ஒட்டாவிட்டால் உயர்ந்தது என்பது பொதுவான நம்பிக்கை. இதில் பாதி உண்மைதான் இருக்கின்றது. தனி நிக்கல் காந்தத்தில் ஒட்டும் என்றாலும், 18/8 உருக்கினுள் புகுந்ததும் அது இரும்பின் உள்ளமைப்பையே மாற்றி விடுவதனால் அவ்வுருக்குக் காந்தத்தில் ஒட்டுவதில்லை. நிக்கல் சேராத, குரோமியம் மட்டுமுள்ள உருக்கு ஒட்டும். ஆனால் நிக்கலின் விலைக்கு அஞ்சி, அதில் பெரும்பகுதியைக் குறைத்து மங்கனீசைச் சேர்த்துச் செய்யும் மலிவான உருக்கும் உண்டு. அதுவும் காந்தத்தில் ஒட்டாது; ஆனால் உப்புத் தண்ணீரிலும் புளிக்கறியிலும் 18/8 அளவுக்குத் தாக்குப் பிடிக்காது. ஆதலால் காந்தத்தை மட்டும் நம்பிக் கூடிய விலை கொடுப்பவர் ஏமாறவும் கூடும். பாத்திரத்தின் அடியிலுள்ள பொறிப்பைப் பார்ப்பதும், நம்பிக்கையான கடையில் வாங்குவதுமே ஓரளவு பாதுகாப்பானவை.

எவர்சில்வர் பாத்திரத்தில் சமைப்பது ஆபத்தானதா என்ற கேள்வியும் அவ்வப்போது எழுகின்றது. புதிய பாத்திரத்தில் தக்காளி போன்ற புளிப்பான உணவை நீண்ட நேரம் கொதிக்க விட்டால் சிறிதளவு நிக்கல் உணவில் கரையத்தான் செய்யும். சில தடவைகள் சமைத்த பின் அந்த அளவு குறைந்து விடும். பருப்பு, கச்சான், கொக்கோ போன்ற உணவுகளிலேயே இயற்கையாக நிக்கல் உண்டு. ஆகவே பெரும்பாலானோர் இதற்காகப் பாத்திரத்தை மாற்ற வேண்டியதில்லை. நிக்கல் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் மட்டும் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுவது நல்லது.

அடுக்களைக்கு வெளியிலும் இவ்வுலோகம் பரவிக் கிடக்கின்றது. துவிச்சக்கர வண்டியின் கைபிடி, குளியலறைக் குழாய், கதவுப் பூட்டு ஆகியவற்றில் குரோமியப் பூச்சு என்று நாம் காண்பதன் அடியில் பெரும்பாலும் நிக்கல் பூச்சே தாங்கி நிற்கின்றது. மேலேயுள்ள குரோமியம் மிக மெல்லியது. மின் அழுத்தியிலும் பாண் வாட்டும் கருவியிலும் செக்கச் சிவந்து சூடேறும் கம்பி, நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நைக்குரோம் ஆகும். எண்ணெயைக் கெட்டியாக்கி மாஜரீன் போன்ற கொழுப்புகளைச் செய்யும் தொழிலும் நிக்கலால் வந்ததுதான். நுண்ணிய நிக்கல் தூள் ஐதரசன் வாயுவை எண்ணெயோடு இணைக்க உதவும் ஊக்கியாகச் செயற்பட்டு, பின்னர் வடித்து நீக்கப்படுகின்றது. இந்த வகை ஊக்கலை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் போல் சபாத்தியே 1912 இல் நோபல் பரிசு பெற்றார். மீள மின்னேற்றும் பற்றரிகளில் நிக்கல் நூறாண்டுக்கு மேலாக உள்ளது. இன்று மின்சாரக் கார்களின் பற்றரிகளில் ஒரு வகைக்கு அது தொன் கணக்கில் தேவைப்படுகின்றது.

நாணயங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லலாம். அமெரிக்கர்கள் தமது ஐந்து சதக் குற்றியை நிக்கல் என்றே அழைக்கின்றனர். ஆனால் அதில் 75 வீதம் செம்பும் 25 வீதம் மட்டுமே நிக்கலும் உள்ளன. எமது நாட்டிலும் இதே உறவு நெடியது. 1909 ஆம் ஆண்டில் பிரித்தானியர் வெளியிட்ட சதுர வடிவான ஐந்து சதம் செம்பு நிக்கல் கலப்பிலானது. மூலை மழுங்கிய அந்தக் காசைச் சேகரித்து வைத்திருப்போர் இன்றும் உளர். இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது போர்த் தளபாடங்களுக்கு நிக்கல் தேவைப்பட்டது. 1942 இல் அதே ஐந்து சதம் நிக்கல் குறைந்த பித்தளைக் கலப்புக்கு மாறியது. 1963 முதல் வெளியான 25 சதம், 50 சதம், ஒரு ரூபாக் குற்றிகள் மீண்டும் செம்பு நிக்கலில் வந்தன. கையில் கனத்து, மேசையில் போட்டால் கணீரென ஒலித்த அந்த ஒரு ரூபாவை நடுத்தர வயதினர் மறந்திருக்க மாட்டார்கள்.

உலோகத்தின் விலை ஏற, காசின் மதிப்பு இறங்க, இந்த உறவு தளர்ந்தது. காசுக்குள் இருக்கும் உலோகம் காசை விடப் பெறுமதியானால் அதனை உருக்குவதற்கே ஆட்கள் கிளம்பி விடுவர். 2005 இல் வந்த இரண்டு ரூபாக் குற்றி நிக்கல் பூசிய உருக்காயிற்று. உள்ளே இரும்பு, வெளியே நிக்கல் தோல். 2017 இல் வெளியான புதிய ஒரு ரூபா, ஐந்து ரூபா, பத்து ரூபாக் குற்றிகள் துருப்பிடிக்காத உருக்கில் அமைந்தன. ஒரு நாட்டின் பணவீக்கத்தை அதன் சில்லறைக் காசின் உலோகத்தைக் கொண்டே ஓரளவுக்கு எழுதிவிடலாம் போலத் தோன்றுகின்றது.

இனித் தோல் விடயத்துக்கு வருவோம். உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் தொடுகை ஒவ்வாமைகளுள் நிக்கல் ஒவ்வாமை முன்னிற்கின்றது. ஆண்களை விடப் பெண்களிடம் இது பன்மடங்கு அதிகம். ஐரோப்பிய நாடுகளில் பெண்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு இதனால் பாதிக்கப்பட்டிருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. காரணம் உடலமைப்பன்று, காது குத்தும் வழக்கமே. புதிதாகக் குத்திய துளையில் நிக்கல் கலந்த கம்பியோ தோடோ இருக்கும்போது, வியர்வையும் ஊன்நீரும் பட்டு உலோகம் நுண்ணளவில் கரைகின்றது. கரைந்த நிக்கலை உடலின் எதிர்ப்புச் சக்தி பகைவனாகப் பதிவு செய்து கொள்கின்றது. அப்பதிவு ஒரு தடவை விழுந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அழிவதில்லை.

அதன் பின்னர் நிக்கல் தொட்ட இடமெல்லாம் அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம், வெடிப்பு என்று வெளிப்படும். தொட்ட உடனேயே தோன்றாமல் ஓரிரு நாட்கள் கழித்து வருவதனால்தான் பலர் காரணத்தைத் தவற விடுகின்றனர். கைக்கடிகாரப் பட்டியின் கொளுக்கி, இடுப்புப் பட்டியின் வளையம், காற்சட்டையின் உலோகப் பொத்தான், மூக்குக் கண்ணாடிச் சட்டம் ஆகியன பட்ட இடத்தில் படை போல வருவதனைச் சவர்க்காரத்தின் குற்றம் என்றும் உணவின் குற்றம் என்றும் கருதிக் களிம்பு பூசிக் காலம் கழிப்போர் பலர். தொப்புளுக்குக் கீழே வட்டமாகத் தோன்றும் ஆறாத அரிப்புக்குக் காற்சட்டைப் பொத்தான் காரணமாவதைத் தோல் வைத்தியர்கள் நன்கறிவர்.

டென்மார்க் 1990 ஆம் ஆண்டளவிலேயே இதற்குச் சட்டம் கொண்டு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1994 இல் அதனைப் பின்பற்றியது. இன்றைய ஒன்றிய விதிகளின்படி, தோலோடு நீடித்துத் தொட்டிருக்கும் பொருளொன்று வாரத்துக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 0.5 மைக்கிரோகிராமுக்கு மேல் நிக்கலை வெளிவிடக் கூடாது. குத்திய துளையில் செருகும் தண்டுக்கு இந்த எல்லை 0.2 மைக்கிரோகிராம். பொருளில் எவ்வளவு நிக்கல் இருக்கின்றது என்பதனை விட அதிலிருந்து எவ்வளவு வெளியேறுகின்றது என்பதனையே இவ்விதி அளக்கின்றது என்பது கவனிக்கத்தக்கது. நல்ல 18/8 உருக்கில் நிக்கல் இருந்தும் அது இறுகப் பிணைந்திருப்பதால் மிகச் சொற்பமே வெளிவரும். பூச்சாகப் பூசிய நிக்கலோ வியர்வைக்குத் தாராளமாகக் கரைந்து கொடுக்கும். டென்மார்க்கில் சட்டம் வந்த பின்னர் காது குத்திக்கொண்ட இளம் பெண்களிடம் இவ்வொவ்வாமை குறைந்தது. ஒரு சட்டம் தோலில் தெரியும்படி பயன் தந்தமைக்கு இதனை விடத் தெளிவான சான்றைத் தேடத் தேவையில்லை.

எமது கடைத்தெருக்களில் கவரிங் நகை விற்பனை குறைவில்லாமல் நடக்கின்றது. பொன் விலை ஏற ஏற அது இன்னும் பெருகும். பளிச்சிடும் பொன்முலாமின் அடியில் நிக்கல் பூச்சு இடுவது இத்தொழிலின் வழமை. முலாம் தேய்ந்ததும் நிக்கல் தோலைத் தொடும். வெள்ளைப் பொன் எனப்படும் நகைகளில் சிலவற்றிலும் பொன்னை வெளுப்பிக்க நிக்கலே சேர்க்கப்படுகின்றது. நிக்கல் உண்டா இல்லையா என்று எழுதிய சிட்டையை நகையோடு காண்பது எமது கடைகளில் அரிது. இறக்குமதியாளரிடமிருந்து அதனைக் கோருவதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. டைமெதில்கிளையொக்சைம் என்ற கரைசலைப் பஞ்சில் தொட்டு நகையில் உரசினால், நிக்கல் வெளிப்படுமாயின் பஞ்சு இளஞ்சிவப்பாகும். 1905 இல் ரஷ்ய இரசாயனவியலாளர் சுகாயேவ் கண்டறிந்த இச்சோதனையைப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே செய்து விடலாம். பாவனையாளர் நலன் பேணும் அதிகாரிகள் சந்தையில் எழுந்தமானமாகச் சில தோடுகளை எடுத்து இதனைச் செய்து பார்த்தால் என்ன என்று நாம் கேட்க விரும்புகின்றோம். அதுவரை, குழந்தைக்கு முதன்முதல் காது குத்தும்போது நல்ல பொன்னாலான கம்பியையோ தைத்தேனியத்தாலான கம்பியையோ போடுவது நன்று. ஊரில் பொற்கம்பி போட்டுக் காது குத்திய பெரியவர்கள் வேதியியல் படித்தவர்களல்லர். ஆயினும் அவர்களின் வழக்கம் தவறிப் போகவில்லை.

இவ்வளவு நிக்கலும் எங்கிருந்து வருகின்றது? புவியின் உட்கருவில் இரும்போடு சேர்ந்து பெருமளவு நிக்கல் உண்டு. ஆனால் அங்கே எவரும் தோண்ட முடியாது. மேலோட்டில் அது இரு வகையாகக் கிடைக்கின்றது. ஒன்று ஆழத்திலுள்ள கந்தகத் தாது. மற்றையது வெப்பமண்டல மழையில் பாறை உக்கி உருவான செம்மண் தாது.

முதல் வகைக்குப் பேர்பெற்ற கனடாவின் சட்பெரிப் படுகை, ஏறத்தாழ 185 கோடி ஆண்டுகளுக்கு முன் பாரிய விண்கல் மோதியதனால் உருவானது. 1883 இல் புகையிரதப் பாதை அமைத்தபோதே அங்கு தாது வெளிப்பட்டது. திறந்த வெளியில் விறகு அடுக்கித் தாதுவைச் சுட்டதனால் எழுந்த கந்தகப் புகை சுற்றுவட்டாரத்துக் காடுகளை அழித்துக் கரும்பாறையாக்கியது. 1978 முதல் அந்நகரத்தார் மண்ணுக்குச் சுண்ணாம்பு இட்டு, 10 மில்லியனுக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளை நட்டுப் பசுமையை மீட்டு வருகின்றனர். ரஷ்யாவின் துருவப் பகுதி நகரான நொறில்ஸ்க் அத்தகைய மீட்சியைக் காணவில்லை. அங்கு 2020 மே மாதம் நிக்கல் நிறுவனமொன்றின் மின்னிலையத் தாங்கி உடைந்து 20,000 தொன்னுக்கு மேற்பட்ட டீசல் ஆறுகளிலும் நிலத்திலும் கலந்தது.

இரண்டாம் வகைத் தாதுவை 1864 இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் கார்னியே பசுபிக் தீவான நியூ கலிடோனியாவில் கண்டார். இன்று அவ்வகையின் தலைநகரம் இந்தோனேசியா. சுலவேசி, ஹல்மஹேரா ஆகிய தீவுகளின் செம்மண்ணிலிருந்து உலக நிக்கலில் பாதிக்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகின்றது. 2020 ஜனவரியில் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்வதை அந்நாடு தடை செய்து, உருக்காலைகளைத் தன் மண்ணுக்கே வரவழைத்தது. மூலப்பொருளை மலிவாக விற்று முடிவுப்பொருளை விலை கொடுத்து வாங்கும் நாடுகளுக்கு அத்துணிவு ஒரு படிப்பினையாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் அதன் விலையும் சிறிதன்று. ஆழமற்ற தாதுவாதலால் காட்டை முழுமையாக வெட்டி மேல்மண்ணை வழித்தெடுக்க வேண்டும். மழை வந்தால் செஞ்சேறு மீன்பிடிக் கடலில் இறங்கும். உருக்காலைகள் நிலக்கரி மின்சாரத்தில் இயங்குகின்றன. 2023 டிசம்பர் 24 ஆம் திகதி சுலவேசியின் மொரோவாலி கைத்தொழில் வலயத்து உலையொன்றில் ஏற்பட்ட வெடிப்பில் 21 தொழிலாளர்கள் மாண்டனர். புகையில்லாக் கார் என்று செல்வந்த நாடுகளில் விளம்பரமாகும் வாகனங்கள் சிலவற்றின் பற்றரி இந்தப் புகையிலிருந்து புறப்பட்டதாக இருக்கக் கூடும்.

சந்தையும் நிலையானதன்று. 2022 மார்ச் 8 ஆம் திகதி இலண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் விலை தொன்னுக்கு ஒரு இலட்சம் டொலரைக் கடந்து, வர்த்தகம் நிறுத்தப்பட்டு, அன்றைய கொடுக்கல் வாங்கல்களே இரத்துச் செய்யப்பட்டன. பின்னர் இந்தோனேசிய உற்பத்தி பெருகி விலை சரிய, அவுஸ்திரேலியாவில் பெருஞ்சுரங்கங்கள் 2024 இல் வேலையை நிறுத்தின.

இத்தனைக்குப் பிறகும் நிக்கலுக்கு ஒரு நற்குணம் உண்டு. உருக்கினுள் சேர்ந்த நிக்கல் அழிவதில்லை. மீண்டும் மீண்டும் உருக்கிப் பயன்படுத்தலாம். ஓட்டை விழுந்த சில்வர் குடத்தைப் பழைய இரும்பு வாங்குபவர் தனியாகப் பிரித்து, இரும்பை விடக் கூடிய விலை பேசுவது இதனால்தான்.

எமது மண்ணில் நிக்கல் சுரங்கம் இல்லை. எனினும் நிக்கல் இல்லாமலில்லை. அம்பாந்தோட்டை மாவட்டத்தில், கடலோரமாக, உஸ்ஸன்கொட என்றொரு செம்மண் மேடு உண்டு. இராவணனின் விமானம் இறங்கிய இடம் என்ற ஐதிகம் அதற்கு. சுற்றிலும் காடு செழித்திருக்க, அம்மேட்டில் மட்டும் மரம் வளராமல் தரையோடு தரையாகச் சிறு செடிகளே படர்ந்திருக்கும். சேர்ப்பன்டைன் எனப்படும் பச்சைப் பாறை உக்கிய அந்த மண்ணில் நிக்கல் மிகுந்திருப்பதும் பயிருக்கு வேண்டிய சத்துகள் குறைந்திருப்பதுமே காரணமென விஞ்ஞானிகள் விளக்குகின்றனர். 2010 முதல் அது தேசிய பூங்கா. அங்கு வளரும் செடிகளுள் ஓரிதழ் தாமரையும் ஒன்று. மண்ணிலுள்ள நிக்கலை உறிஞ்சி இலையிலே சேர்த்து வைக்கும் அரிய ஆற்றல் அச்செடிக்கு உண்டு. நிக்கலால் பழுதான நிலத்தைச் செடிகளைக் கொண்டே தூய்மைப்படுத்த முடியுமா என ஆராய்வோர் இத்தகைய தாவரங்களைத் தேடி வருகின்றனர். அதே ஓரிதழ் தாமரை சித்த வைத்தியத்தில் மருந்து மூலிகை. பூங்காவினுள் எச்செடியையும் பறிக்க அனுமதியில்லை. அதற்கு வெளியிலும் மூலிகை சேகரிப்போர் செடியைப் பார்ப்பதோடு அது வேர்விட்டிருக்கும் மண்ணையும் பார்த்துப் பறித்தல் வேண்டும்.